ஒரு கூரை, ஏழு அடுப்பு

செட்டிநாட்டுப் பெரிய வீட்டில் எத்தனை குடும்பம் இருந்தது என்று பார்க்க முகப்பில் நின்று தேக்குத் தூண்களை எண்ணிப் பயனில்லை. நடு முற்றமான வளவைத் தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி, சமையல் நடக்கும் மூன்றாம் கட்டுக்குப் போகவேண்டும். அங்கே சுவரில் கரி ஏறிய இடங்கள் இருக்கும். ஒவ்வொரு கரிக்கும் கீழே ஓர் அடுப்புமேடை, கைக்கெட்டும் தூரத்தில் ஓர் அம்மி. வெள்ளை அடித்தாலும் அந்தக் கரி மழைக்காலத்தில் மங்கலாகத் திரும்ப வந்துவிடும். ஏழு கரி இருந்தால் அந்த வீட்டில் ஏழு உலை கொதித்திருக்கிறது.

"அந்தக் காலத்தில் நூறு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், இப்போது வீட்டுக்கு மூன்று பேர்" என்று மேடையில் பேசுவது சுலபம். நூறு பேர் உட்கார்ந்தது உண்மை. ஆனால் அது கல்யாணத்துக்கு, அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கு, முன்னோருக்கு இடும் படைப்புக்கு. மற்ற நாளெல்லாம் அவரவர் அடுப்பு, அவரவர் குழம்பு. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் கூட்டுக்குடும்பம் என்றால் கூரை ஒன்று, தொழில் முதல் ஒன்று, சாமி ஒன்று. சோறு மட்டும் வேறு. இதற்குப் பெயர் 'வேறு வைப்பது'. ஊருக்குப் புதியவர்கள் இதைக் கேட்டதும் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சண்டை வராமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது.

மகனுக்குக் கல்யாணம் முடிந்து கொஞ்ச காலம் மாமியார் அடுப்பிலேயே மருமகளுக்கும் சாப்பாடு. பிறகு நல்ல நாள் பார்த்து வேறு வைப்பார்கள். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு. அந்த அறையையே 'வீடு' என்றுதான் சொல்வது. முன்னறையும் அதற்குப் பின்னால் உள்ளறையுமாகச் சேர்ந்தால் இரட்டை வீடு. உள்ளறையில் பெண் கொண்டுவந்த சீர்ச் சாமான்: வெண்கலம், பித்தளை, எவர்சில்வர், பின்னாளில் பிளாஸ்டிக் வாளி வரை. மூன்றாம் கட்டில் ஓர் அடுப்பு. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, கைச்செலவுக்கு இவ்வளவு பணம் என்று பெரியவர் கணக்கில் எழுதி ஒதுக்கிவிடுவார். மிச்சம் பிடித்தால் அது அவர்களுடையது. மாசியிலேயே அரிசி தீர்ந்தால் அதுவும் அவர்கள் பாடு. கணவனை இழந்த தாயார்கூட மகன் அடுப்பில் போய்ச் சேர்வதில்லை. தனக்கென்று ஓர் அடுப்பு, ஒரு சின்னக் குண்டான்.

இதை வட்டித்தொழில் செய்த சமூகத்தின் கணக்குப் புத்தி என்றே சொல்வேன். நான்கு ஓரகத்திகள் ஒரே அடுப்பில் நின்றால், யார் பிள்ளைக்கு நெய் கூட விழுந்தது என்பது பத்து வருஷத்தில் பாகப்பிரிவினையாக முடியும். அடுப்பைப் பிரித்துவிட்டால் வீட்டையும் தொழிலையும் பிரிக்காமல் இன்னும் 40 வருஷம் ஓட்டலாம். இருபது வயதுப் பையனுக்கு வரவு செலவு பழக இதைவிடப் பள்ளிக்கூடமும் கிடையாது.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடு கட்டியவர் காலமாகிவிட்டார். அவர் மனைவிக்கு ஓர் அடுப்பு. மூன்று மகன்களுக்கு மூன்று. கல்யாணமாகி வேறு வைத்த பேரன்கள் மூவருக்கு மூன்று. ஆக ஏழு. ஆள்கணக்கு: அப்பத்தா 1, மகன்கள் அடுப்பில் கல்யாணமாகாத பிள்ளைகளோடு 5, 4, 4, பேரன்கள் அடுப்பில் 3, 2, 2. மொத்தம் 21 பேர். கூரையை வைத்துப் பார்த்தால் 21 பேர் கொண்ட பெரிய குடும்பம். அடுப்பை வைத்துப் பார்த்தால் சராசரி 3.

அந்த 3-ஐ மனதில் வைத்துக்கொண்டு அரசாங்கக் கணக்குக்கு வாருங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், சுமார் 1.85 கோடிக் குடும்பங்கள். வகுத்தால் குடும்பத்துக்கு 3.9 பேர். கணக்கெடுப்பு 'குடும்பம்' என்று எதைச் சொல்கிறது? வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, பொதுவான ஒரு சமையலறையில் உண்பவர்கள். அளவுகோல் உறவும் கிடையாது, கூரையும் கிடையாது; உலைதான். குடும்ப அட்டையைப் பிரித்துக் கேட்டால் தனிச் சமையல் நடக்கிறதா என்று வந்து பார்ப்பதும், எரிவாயு இணைப்பு சமையலறைக்கு ஒன்று என்பதும் இதே வழிதான். நம் மாதிரி வீட்டில் கணக்கெடுப்பாளர் நுழைந்தால் ஏழு குடும்பம் என்றுதான் எழுதவேண்டும். அதனால் 'அன்று பெரிய குடும்பம், இன்று சிறிய குடும்பம்' என்று இரண்டு எண்ணை ஒப்பிடுகிறவர், அன்றைக்குக் கூரையையும் இன்றைக்கு அடுப்பையும் எண்ணுகிறாரா என்று முதலில் பார்க்கவேண்டும். பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்.

மூன்றாவது ஒரு கணக்கு உண்டு: புள்ளி. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர்தான் ஒவ்வொரு நகரத்தாரும். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வரும். அத்தோடு அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகக் கோயில் ஏட்டில் ஏறும். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. நம் மாதிரி வீட்டில் மகன்கள் மூன்று, பேரன்கள் மூன்று, அப்பத்தா அரை: ஆறரைப் புள்ளி. ஊர்க்கோயில் திருப்பணிக்குப் புள்ளிவரி போடும்போது இந்த எண்தான் பேசும். கல்யாணமாகாத பிள்ளை எத்தனை இருந்தாலும் வரியில் சேராது. நகரத்தார் அல்லாதவரைக் கட்டிக்கொண்டால் கோயில் மாலை வராது, புள்ளி ஏறாது. ஆனால் வீட்டில் பங்கு சட்டப்படி அப்படியே இருக்கும். இன்று ஒரே ஆள் பங்குப் பட்டியலில் இருப்பார், புள்ளி ஏட்டில் இருக்கமாட்டார். இரண்டு ஏடும் வருஷத்துக்கு வருஷம் விலகிக்கொண்டே போகின்றன.

அடுப்புக்கு ஆள் குறைந்ததற்கு ஒரு காரணம் கடல். பர்மா, இலங்கை, மலேயா, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல்தாண்டித் தொழில் செய்யப் போன ஆண்கள் கணக்கு முடித்துத் திரும்ப மூன்று வருஷம் ஆகும். கொஞ்ச மாதம் ஊரில் இருந்துவிட்டு மறுபடி கப்பல். கடையை நடத்தும் மேலாளுக்கும் இது பொருந்தும், அடுத்தாளுக்கும் பொருந்தும், கடைநிலைப் பெட்டியடிப் பையனுக்கும் பொருந்தும். அண்ணன் தம்பிகளின் வயதுக்கு நடுவே மூன்று, நான்கு வருஷ இடைவெளி விழுந்த வீடுகளில், அப்பச்சி (அப்பா) கப்பலேறிய வருஷங்களைத் தனியாகக் கேட்டு எழுதவேண்டியதில்லை. வரவு செலவு, ஆள் அம்பு, நிலபுலம், கல்யாணப் பேச்சு எல்லாம் ஆச்சிமார் கையில் நடந்தன. சீதனப் பணமும் அவர்கள் பெயரில் தனிக் கணக்காக வட்டியேறி நின்றது. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் வந்து, பின்னர் நிலங்களும் கைவிட்டுப் போனபோது, வருஷ ஒதுக்கீடு நின்றது. வளவுக்குள் வேறு வைத்த அடுப்புகள் பிழைப்புத் தேடி மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று தனித்தனிக் கூரைக்கு நகர்ந்தன. அடுப்பு உடையவில்லை, அது முன்பே தனிதான். அந்த இடப்பெயர்வில் உடைந்தது கூரை.

பிள்ளை கூட்டுவதை, அதாவது தத்தெடுப்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கு நேராகாது. ஆண் வாரிசில்லாத புள்ளி அற்றுப்போகக் கூடாது என்று, அதே கோயில், அதே பிரிவுப் பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கூட்டிக்கொள்வார்கள். மஞ்சள்நீர் குடித்து வந்த பிள்ளை என்று சொல்வதுண்டு. கவிஞர் கண்ணதாசன் 1927-இல் சிறுகூடல்பட்டியில் பிறந்து வேறு வீட்டுக்குப் பிள்ளையாகக் கூட்டப்பட்டவர்தான். நிறையப் பிள்ளைகள் உள்ள வீட்டிலிருந்து இல்லாத வீட்டுக்கு ஒருவர் போவதால் இரண்டு பக்கமும் அளவு சமப்பட்டது. இப்போது கொடுக்க யாரிடமும் இரண்டாவது மகன் இல்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைகள் 2000 வாக்கில் 2.1-க்கு வந்து, 2020-இல் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1.4. அந்த எண்ணில் பிள்ளை கூட்டும் வழக்கம் தானாகவே ஓய்ந்துவிடும்.

பழைய பிள்ளைக் கூட்டல்களில் இன்று சிக்கல் எழுவது காகிதத்தில். 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் சிலவற்றைக் கட்டாயமாக்கியது. கொடுத்து வாங்கும் செயல் நடந்திருக்கவேண்டும். ஆண்பிள்ளையைத் தத்தெடுப்பவருக்கு உயிரோடு மகனோ பேரனோ கொள்ளுப்பேரனோ இருக்கக் கூடாது. தத்துப்போகிறவருக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது, கல்யாணமாகியிருக்கவும் கூடாது. வழக்கம் இடம் கொடுத்தால் மட்டும் வயதுக்கும் கல்யாணத்துக்கும் விலக்கு. பங்குப் பட்டியல் போடும்போது கூட்டிவந்தவரின் பிறந்த வீட்டுப் பங்கையும் சேர்த்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. தத்துப்போன நாளோடு பிறந்த வீட்டில் புதிதாக வாரிசுரிமை கிடையாது. அதற்கு முன்பே அவர் பெயருக்கு வந்து சேர்ந்த சொத்து மட்டும் கூடவே போகும்.

இனி நான்காவது எண், பங்கு. வீட்டில் இருப்பவர்கள் குறையக் குறைய வீட்டை உடையவர்கள் கூடுகிறார்கள். ஒன்று இறங்கும்போது மற்றது ஏறுவதை வேறு எந்த ஊர்க் குடும்பக் கணக்கிலும் இவ்வளவு வெளிச்சமாகப் பார்க்க முடியாது.

மாதிரி வீட்டுக்கே வருவோம். மூன்று மகன்கள், மூன்று கிளை, கிளைக்கு 1/3. மூத்த கிளையில் ஒருவருக்கு ஒருவராக வந்து இன்று ஒரே ஆள். நடுக்கிளையில் சமபங்காக 5 பேர். இளைய கிளையில் சமபங்காக 12 பேர். ஆக 18 பங்காளிகள். மழைக்கு முன் ஓடு மாற்றி, முற்றத்துத் தகரத்தையும் வடிகாலையும் சரிபார்க்க 1,80,000 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். யாரோ ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் "18 பேர், தலைக்கு 10,000" என்று போடுவார். கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் தப்பு. கிளைவழிப் போட்டால் மூத்த கிளை ஆள் 60,000, நடுக்கிளையில் ஆளுக்கு 12,000, இளைய கிளையில் ஆளுக்கு 5,000. தலைக்கணக்கில் வசூலித்தால் 1/36 பங்குக்காரர் இரட்டிப்பாகக் கொடுக்கிறார், 1/3 பங்குக்காரர் ஆறில் ஒரு பகுதி கொடுத்துத் தப்பிக்கிறார். அடுத்த வருஷம் இளைய கிளை பணம் தராது. தராததற்குக் காரணம் கருமித்தனம் என்று ஊரில் பேச்சாகிவிடும். நாலு மழைக்கு ஓடு மாற்றாமல் விட்டால் உத்தரம் நனையும். அதற்கப்புறம் செலவு லட்சத்தில் நிற்காது.

அறை விஷயத்தில் பழக்கம் வேறு. இரட்டை வீட்டை 12 ஆகப் பிரிக்க முடியாது. கிளைக்கு ஒன்று அல்லது இரண்டு அறை, சாவி அந்தக் கிளையின் மூத்தவரிடம். முகப்பு, வளவு, மூன்றாம் கட்டு, கிணறு பொது. யார் வீட்டுக் கல்யாணமானாலும் பொது இடம் முழுக்க அவர்களுக்கு. வீட்டைப் பாகம் பிரிக்காமல் வைத்திருப்பதற்கு முக்கியமான காரணமே இதுதான். வளவைக் குறுக்கே சுவரெடுத்துப் பிரித்துவிட்டால் யாருக்கும் கல்யாண வீடு கிடையாது.

பெண் பங்கில்தான் பட்டியல்கள் மிக அதிகமாகத் தப்பாகின்றன. "பெண்ணுக்குச் சீர் கொடுத்தாயிற்று, பங்கில்லை" என்று எழுதிவைத்த பட்டியல்கள் இன்னும் கைமாறுகின்றன. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே, உயில் எழுதாமல் இறந்த தகப்பனாரின் தனிப்பங்கில் மகளுக்கும் மனைவிக்கும் மகனோடு சமபங்கு வந்துவிட்டது. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டுத் திருத்தம், அதுவரை கல்யாணமாகாத மகளைப் பிறப்பாலேயே பங்காளியாக்கியது. 2005 செப்டம்பர் 9-இல் வந்த மத்தியத் திருத்தம் கல்யாணமான மகளையும் சேர்த்தது. குடியிருக்கும் வீட்டில் ஆண்கள் பிரிக்க முன்வந்தால்தான் பெண் பாகம் கேட்கலாம் என்றிருந்த 23-ஆம் பிரிவும் அன்றோடு போயிற்று.

எண்ணில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நடுக்கிளையில் முன்பு இருவர், ஆளுக்கு 1/6 என்று கொள்வோம். ஒருவருக்கு மனைவி, இரண்டு மகன், ஒரு மகள். பூர்விகச் சொத்து, உயில் இல்லை. அவர் 1970-இல் இறந்திருந்தால் அன்றைய கணக்கு: தகப்பனும் இரு மகன்களுமாக 1/6-ஐ மூன்றாக்கி ஆளுக்கு 1/18, தகப்பனின் 1/18 நால்வருக்கு, ஆளுக்கு 1/72. மகன் 5/72, மகள் 1/72. அவரே 2010-இல் இறந்திருந்தால் தகப்பனும் மூன்று பிள்ளைகளுமாக ஆளுக்கு 1/24. தகப்பனின் 1/24 நால்வருக்கு, ஆளுக்கு 1/96. மகன் 5/96, மகளும் 5/96, மனைவி 1/96. மொத்த வீட்டில் மகளுக்கு 1.4 சதவீதமாக இருந்தது 5.2 ஆகிறது. 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம், மகள் பங்கு கேட்க 2005-இல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டதால், பிரிக்காமலே கிடக்கும் வீடுகளில் அந்த 1970 கணக்கையும் மறுபடி திறக்க இடமிருக்கிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் நிலைமை வேறு. அதனால் பட்டியல் எழுதுமுன் தேடவேண்டிய முதல் காகிதம் அதுதான். பலர் வில்லங்கச் சான்றுகூட எடுக்காமல் வம்சாவளி எழுதத் தொடங்கிவிடுகிறார்கள்.

வம்சாவளியில் இன்னொரு பொறி பெயர். பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயர் வைப்பது வழக்கம். ஒரே கிளையில் ஐந்து தலைமுறையில் இரண்டே பெயர் மாறி மாறி வரும். முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளான விலாசத்தை முழுசாக, இத்தனை எழுத்து என்று விடாமல் எழுதினால்தான் யார் யார் மகன் என்பது பிடிபடும். பிறந்த வருஷமும் இறந்த தேதியும் இல்லாத வம்சாவளியால் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்க முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளி கையெழுத்துக்குப் பொது அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடவேண்டும். மேசை இழுப்பறையில் ஆறு மாதம் கிடந்த பத்திரத்தோடு போய் நின்றால் வேலை நடக்காது.

இதெல்லாம் நகரத்தார் கணக்கு. செட்டிநாடு அவர்கள் மட்டும் வாழும் நாடு இல்லை. வயல்காட்டு ஊர்களில் வேளாண்மை செய்யும் குடும்பங்களில் மகன் வேறு போனால் அதே தெருவில் தனிக் கூரையே போட்டுக்கொள்வான். அங்கே கூரையும் அடுப்பும் ஒரே எண், குழப்பமே கிடையாது.

ஆள் குறைந்ததைப் பாத்திரத்தில் பார்க்க விரும்புகிறவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகலாம். பழம்பொருள் கடைகளில் அண்டாவும் கொப்பரையும் வெளியே கிடக்கும்; கழுத்தில் விலாசம் வெட்டியிருக்கும். கல்யாணப் பாத்திரம்தான் முதலில் விலைக்கு வருகிறது. இரண்டு பேருக்கு உலை வைக்கும் சின்ன வெண்கலப் பானை அவ்வளவாக வருவதில்லை, வந்தால் நிற்பதுமில்லை. இன்றைக்கும் அளவு சரியாக இருப்பது அது ஒன்றுக்குத்தான்.

எல்லாரையும் ஒருசேர எண்ணும் நாள் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது: பிள்ளையார் நோன்பு. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21-ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் நேரம். நாளுக்கு ஒன்றாக 21 நூலிழை சேர்த்த திரியை மாவில் வைத்து, எரியும் சுடரோடு மூத்தவர் கையிலிருந்து ஒவ்வொருவராக வாங்கி வாயில் போட்டுக்கொள்ளவேண்டும். மாவு பிசைகிறவருக்கு ஆள்கணக்கு முன்கூட்டியே சரியாகத் தெரிந்தாகவேண்டும். கருவுற்றிருப்பவருக்கு வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து இரண்டு இழை. அடுப்பு, புள்ளி, பங்கு எதிலும் ஏறாத அந்தப் பிள்ளை இங்கே மட்டும் ஓர் எண். சென்னையிலும் சிங்கப்பூரிலும் சங்கங்கள் மண்டபத்தில் கூட்டி இழை கொடுக்கின்றன. அங்கே வரிசையில் நிற்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒருவருக்கொருவர் பங்காளியும் இல்லை.

2027 கணக்கெடுப்புக்கான வீட்டுப்பட்டியல் படிவம் இந்த ஊர்களில் எப்படி நிரம்பும் என்பதை இப்போதே எழுதிவிடலாம். கடந்த 2011 படிவத்தில் வீடு சொந்தமா, வாடகையா, மற்றவையா என்று ஒரு கேள்வி. அறைகள் எத்தனை என்று ஒன்று. குடும்பத்தில் திருமணமான தம்பதிகள் எத்தனை என்று ஒன்று. கடைசியில் உள்ளது புள்ளிக்கணக்கேதான். 18 பங்காளிகள் உள்ள நம் மாதிரி வீட்டுக் கதவைத் தட்டினால் திறப்பவர் காவல் இருப்பவர். பின்கட்டில் அவர் மனைவி உலை வைத்திருப்பார். குடும்பம் 1. தம்பதி 1. சொந்தமா, வாடகையா என்ற இடத்தில் மற்றவை. அறைகள் எத்தனை என்று கேட்டால், சாவி தன்னிடம் உள்ள இரண்டைச் சொல்வார்.